டெயில் லைட்டைக் கருப்பாக்கும் முன் பார்க்க வேண்டியவையும், கருப்பாக்கியதைக் களையும் முறையும்

புதிதாகக் கார் எடுத்தவரோ பழைய பைக்கைக் கொஞ்சம் மெருகேற்ற நினைப்பவரோ ஸ்டிக்கர் கடைக்குப் போனால், பக்கவாட்டுக் கோடுகளுக்கும் பம்பர் ஒட்டுகளுக்கும் அடுத்தபடியாகக் கடைக்காரர் எடுத்து விரிப்பது பெரும்பாலும் ‘ஸ்மோக் ஃபிலிம்’ சுருளாகத்தான் இருக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை தொடங்கி மாவட்டத் தலைநகரங்களின் பைபாஸ் ஓரக் கடைகள் வரை இதற்குக் கிராக்கி உண்டு. சிவப்புக் கண்ணாடியின் மேல் மெல்லிய கரும்படலத்தை வைத்து, சூடு காட்டி இழுத்து, ஓரத்தைப் பிளேடால் நறுக்கிவிட்டால் சிறிது நேரத்தில் வண்டியின் பின்புறத் தோற்றமே மாறிவிடும். வெள்ளை, சாம்பல், கருப்பு நிற வண்டிகளில் அது எடுப்பாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. படலம் வேண்டாம் என்பவர்களுக்கு டப்பாவில் அடைத்த ஸ்பிரே வண்ணமும் கிடைக்கிறது.

ஒட்டியதும் உரிமையாளர் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மாலையில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, மனைவியையோ தம்பியையோ பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். விளக்கு பளிச்சென்று எரியும், மனம் நிறைந்துவிடும். ஆனால் கரும்படலம் மிகக் குறைந்த தீங்கைச் செய்யும் இடமும் நேரமும் அதுதான். அந்த விளக்கை நம்பி வண்டி ஓட்டுபவர் ஐம்பது, நூறு மீட்டர் பின்னால், நகர்ந்துகொண்டே, பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் இருக்கிறார். எனவே இந்த வழிகாட்டி விளக்கை அவருடைய இடத்திலிருந்து பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. கருப்பாக்க நினைப்பவர் எவற்றைக் கணக்கிட வேண்டும், இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது, முன்பே ஒட்டியோ பூசியோ இருந்தால் கண்ணாடி கெடாமல் எப்படி எடுப்பது, கருமைத் தோற்றம் வேண்டுமென்றால் வேறு என்ன வழி என்பவை இதில் உள்ளன. கண்ணாடியின் மேல் எதையும் ஒட்டவோ பூசவோ வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை அளவுகளோடு சொன்னால்தான் ஏற்பதற்கோ மறுப்பதற்கோ வாசகருக்கு இடமிருக்கும்.

ஒளியின் அளவும் படலத்தின் கணக்கும்

காரின் பின்விளக்குத் தொகுதியில் இரவில் எரியும் டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட் ஆகியவற்றோடு, மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் பல வண்டிகளில் சேர்ந்தே இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளியைத் தர வேண்டும் என்பதற்கு அளவுண்டு. கார்களின் பின்விளக்குகளுக்கென நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள ஐக்கிய நாடுகளின் 7-ஆம் எண் வாகன ஒழுங்குவிதியின்படி, நேர் பின்னாலிருந்து அளக்கும்போது ஒரு டெயில் லைட் குறைந்தது 4 கேண்டெலாவும் (ஒரு திசையில் ஒளி எவ்வளவு வலுவாகப் போகிறது என்பதன் அலகு), ஒரு பிரேக் லைட் குறைந்தது 60 கேண்டெலாவும் தர வேண்டும். மேல் வரம்பும் உண்டு, ஏனென்றால் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதும் குற்றம்தான். இந்தியாவில் நான்கு சக்கர வண்டிகளின் விளக்குகளுக்கு ஏஐஎஸ்-010, இரண்டு மற்றும் மூன்று சக்கர வண்டிகளுக்கு ஏஐஎஸ்-012 என்று தனித்தனித் தர நிர்ணயங்கள் உள்ளன. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில் விளக்கை இருட்டறையில் ஏற்றி, பல கோணங்களில் அளந்த பிறகே அதற்கு ஒப்புதல் கிடைக்கிறது.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு பிரேக் லைட் புதிதாக இருக்கும்போது 80 கேண்டெலா தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஐம்பது சதவீத ஒளியை மட்டும் விடும் படலத்தை ஒட்டினால் மீதம் 40 கேண்டெலா, முப்பத்தைந்து சதவீதப் படலமானால் 28, இருபது சதவீதமானால் 16. கடையில் ‘லைட் ஸ்மோக்’ என்று சொல்லித் தரப்படும் மென்மையான படலமே விளக்கை 60 என்ற கீழ் வரம்புக்குக் கீழே தள்ளிவிடுகிறது. கடைக்காரரிடம் படலத்தின் சதவீதம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பல சுருள்களில் அந்த எண்ணே அச்சிடப்பட்டிருக்காது. ஸ்பிரே வண்ணத்திலோ சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, எத்தனை முறை கை ஓடியதோ அத்தனை கருமை.

தொலைவாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒளி தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், 155 மீட்டர் வரை கண்ணுக்கு எட்டும் ஒரு சிவப்பு விளக்கின் மேல் ஐம்பது சதவீதப் படலத்தை ஒட்டினால் அதே அளவு ஒளி ஏறத்தாழ 110 மீட்டர் வரைதான் எட்டும். முப்பத்தைந்து சதவீதத்துக்கு ஏறத்தாழ 92 மீட்டர், இருபது சதவீதத்துக்கு ஏறத்தாழ 70 மீட்டர். இது தெளிந்த காற்றில் போடும் கணக்கு. மார்கழிப் பனியில் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் அதிகாலையில் போகிறவர்களும், மழையில் மலைப்பாதை ஏறுகிறவர்களும் இதிலிருந்து இன்னும் கழித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் படியும் புழுதியும் சேற்றுத் தெளிப்பும் படலம் விட்டுவைத்த ஒளியிலிருந்துதான் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

ரிஃப்ளெக்டரைப் பற்றிப் பலரும் நினைப்பதே இல்லை. வண்டி பழுதாகி இரவில் சாலையோரம் நிற்கிறது, பேட்டரி இறங்கிவிட்டது, ஒரு விளக்கும் எரியவில்லை என்ற நிலையில் பின்னால் வருபவரின் ஹெட்லைட் ஒளியைத் திருப்பி அனுப்பி “இங்கே ஒரு வண்டி நிற்கிறது” என்று சொல்வது அது ஒன்றுதான். அதன் மேல் படலம் இருந்தால் ஒளி உள்ளே போகும்போது ஒரு முறையும் திரும்பி வரும்போது மறு முறையும் படலத்தைக் கடக்க வேண்டும். ஆகவே ஐம்பது சதவீதப் படலம் ரிஃப்ளெக்டரைக் கால் பங்காகவும், முப்பத்தைந்து சதவீதப் படலம் எட்டில் ஒரு பங்காகவும், இருபது சதவீதப் படலம் இருபத்தைந்தில் ஒரு பங்காகவும் குறைக்கிறது. சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதிய செய்திகளை நாம் வாரம் தவறாமல் படிக்கிறோம். அந்த லாரிகளுக்குச் சிவப்பு ரேடியம் ஒட்டவேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தும் அதே காலத்தில், கார்காரர்கள் காசு கொடுத்து ரிஃப்ளெக்டரை மூடிக்கொள்வது வேடிக்கைதான்.

பகல் வெளிச்சம்தான் உண்மையான பரீட்சை. இரவில் சுற்றிலும் இருள் இருப்பதால் மங்கிய விளக்கும் தெரிந்துவிடும். காலை எட்டு மணிக்குச் சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கி மேற்கே போகிறவர்களுக்கு வெயில் முதுகுப்பக்கத்திலிருந்து வந்து, முன்னே போகும் வண்டியின் பின்விளக்குக் கண்ணாடி மேல் நேராக விழுகிறது. விளக்கு எரிகிறதா, வெயில்தான் மின்னுகிறதா என்று பிரித்தறியச் சாதாரண விளக்கிலேயே கண் திணறும் நேரம் அது. பளபளப்பான கரும்படலம் மேற்பரப்பில் வெயிலைக் கண்ணாடிபோல் திருப்பி அடிக்க, உள்ளிருந்து வரும் சிவப்போ பாதியாகிவிடுகிறது. பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறார், எனவே பிரேக் லைட்டைப் புரிந்துகொள்வதில் அரை வினாடி தாமதித்தாலும் 14 மீட்டர் போய்விடும். அது மூன்று கார்களின் நீளத்துக்கும் மேல்.

இரு சக்கர வண்டிகளில் நிலைமை இன்னும் இறுக்கமானது. அங்கே பெரும்பாலும் பின்னால் ஒரே விளக்குதான். 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால் டெயில் லைட்டும் பகலெல்லாம் எரிந்துகொண்டே இருக்கிறது. பிரேக் பிடிப்பதைப் பின்னால் வருபவர் விளக்கு எரிவதைக் கொண்டல்ல, அதன் பிரகாசம் கூடுவதைக் கொண்டுதான் அறிகிறார். வெயிலில் கரும்படலத்துக்குள் இரண்டு அளவும் மங்கிப்போனால் அந்த ஏற்றம் கண்ணில் படாது. இதோடு நம்பர் பிளேட்டைச் சிறியதாக்கிப் பின் மட்கார்டைக் கழற்றிவிடும் பழக்கமும் சேரும்போது அதிலிருந்த ரிஃப்ளெக்டரும் போய்விடுகிறது.

“உள்ளே பெரிய பல்பு போட்டுத் தருகிறேன், சரியாகிவிடும்” என்று சில கடைகளில் சொல்வார்கள். இதை ஏற்காதீர்கள். பழைய வகை விளக்குகளில் பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட் என்று இரண்டு இழைகள் கொண்ட பல்பு இருக்கும். அதைவிடக் கூடிய வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும், கண்ணாடி வெதும்பும், ஒயரிங் சூடேறும். எல்.இ.டி. பல்பு செருகினால் சூடு குறையலாம், ஆனால் இழை பல்பு இருந்த புள்ளியிலிருந்து ஒளி புறப்படும் என்று கணக்கிட்டு அமைத்த உட்குழிவில் எல்.இ.டி.யின் ஒளி வேறு இடத்திலிருந்து வேறு திசைகளில் புறப்படுவதால், நேர் பின்னால் போதுமான ஒளி இருந்தும் பக்கக் கோணங்களில் இல்லாமல் போகலாம். இண்டிகேட்டரில் அப்படி மாற்றினால் மின்சுமை குறைந்து அது படபடவென்று அடிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும் என்ற விதியும் அங்கே மீறப்படும்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை

ஏற்கெனவே கருப்பாக்கிய வண்டி வைத்திருப்பவர் அதன் நிலையை அறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் திறந்த மைதானத்திலோ ஆளற்ற உள்சாலையிலோ பின்விளக்கின் மேல் நேராக வெயில் விழுமாறு வண்டியை நிறுத்துங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து, உங்களிடம் சொல்லாமல் தாம் விரும்பியபோது பிரேக்கை மிதிக்கவும் விடவும் வேண்டும். ஒவ்வொரு முறை மிதித்ததையும் அவர் காகிதத்தில் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் ஐம்பது மீட்டர் பின்னால் நின்று, விளக்கு எரிவதாகத் தெரியும்போதெல்லாம் கையைத் தூக்குங்கள். பிறகு நேர் பின்னாலிருந்து விலகி, பக்கத்து லேனில் வருபவர் இருக்கும் கோணத்துக்குப் போய் அதையே திரும்பச் செய்யுங்கள். தூக்கிய கைக்கும் காகிதத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லையென்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. இதைச் செய்பவர் வண்டியின் உரிமையாளராக இல்லாமலிருப்பது நல்லது, ஏனென்றால் அவருடைய கண் விளக்கு எரியவேண்டும் என்று விரும்பிக்கொண்டே பார்க்கும்.

இரண்டாவது வழிக்கு ஒளியளவு காட்டும் ‘லக்ஸ் மீட்டர்’ செயலி உள்ள ஆண்ட்ராய்டு போன் போதும். இரவில் தெருவிளக்கு படாத இடத்தில், விளக்குக்கு நேராகச் சரியாக 3 மீட்டர் தள்ளி, விளக்கின் உயரத்திலேயே போனை ஒரு ஸ்டூலின் மேல் அசையாமல் நிறுத்துங்கள். உணரி போனின் முன்பக்கத்தில் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும், அது விளக்கைப் பார்க்க வேண்டும். மறுபக்க விளக்கையும் நடுவிலுள்ள விளக்கையும் கனத்த அட்டையால் மறைத்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எண்ணைக் குறியுங்கள். பிறகு அந்த விளக்கிலுள்ள படலத்தை மட்டும் உரித்துவிட்டு எதையும் நகர்த்தாமல் மறுபடி குறியுங்கள். சிவப்பு ஒளியைப் போன் உணரிகள் துல்லியமாக அளப்பதில்லை, ஆகவே தனித்தனி எண்களை நம்ப வேண்டாம். இரண்டுக்கும் உள்ள விகிதம் மட்டும் படலம் எவ்வளவு ஒளியைத் தின்றது என்பதை ஓரளவு நேர்மையாகச் சொல்லிவிடும். இந்தச் சோதனை உங்கள் அறிவுக்கானது. ஆய்வாளரிடமோ நீதிமன்றத்திலோ இதைக் காட்டி விளக்கு சரியாக இருக்கிறது என்று வாதிட முடியாது.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆவது விதி வண்டியின் முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விடவேண்டும் என்கிறது. கூலிங் பேப்பர் எனப்படும் கரும்படலங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தீர்ப்பளித்ததும் இந்த விதியை வைத்துத்தான். இதைக் கேள்விப்பட்டவர்கள் “ஐம்பது சதவீதம் வரை போகலாம்” என்று டெயில் லைட்டுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சதவீதங்கள் ஜன்னல் கண்ணாடிக்கு உரியவை. விளக்கின் மேல் இவ்வளவு வரை கருப்பாக்கலாம் என்று சலுகை தரும் விதி எதுவும் இல்லை.

விளக்குகளுக்கான விதிகள் வேறு. அதே விதித்தொகுப்பின் 105-ஆவது விதி, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்ததிலிருந்து மறுநாள் உதயத்துக்கு அரை மணி முன்பு வரையிலும், வெளிச்சம் போதாத மற்ற வேளைகளிலும், பின்னால் 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரியக்கூடிய சிவப்பு விளக்கு எரியவேண்டும் என்றும், பின் நம்பர் பிளேட் 15 மீட்டரிலிருந்து படிக்கும்படி வெள்ளை ஒளியில் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. இண்டிகேட்டரையும் பிரேக் லைட்டையும் 102-ஆவது விதியும், ரிஃப்ளெக்டரை 104-ஆவது விதியும் கையாள்கின்றன. பின்னால் சிவப்பு தவிர வேறு நிற ஒளி காட்டுவதற்கான தடையும் அதன் விலக்குகளும் 108-ஆவது விதியில் உள்ளன. நீலமும் ஊதாவும் கலந்து மின்னும் பின்விளக்குகளை வாங்கி மாட்டுகிறவர்கள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

தண்டனைக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்கிறது. “ஆர்.சி. புத்தகத்தில் டெயில் லைட்டின் நிறம் எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரத்தை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று அந்தப் பிரிவுக்கு விளக்கம் தந்திருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சாலையில் நிறுத்தும் போலீஸார் எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பொறுப்பு உரிமையாளருடையது. ஒட்டிக்கொடுத்த கடை ரசீதில் ‘ஸ்டிக்கர் வேலை’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

டாக்ஸி, வேன், சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டும்போது இது நேராக முகத்தில் அடிக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் விளக்குகளைப் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. சொந்தக் கார்களுக்குப் பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் அந்தப் பார்வை வருகிறது என்பதால், அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதையே அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விபத்துக்குப் பிந்திய கணக்கு. பின்னாலிருந்து மோதியவர் மேல்தான் தவறு என்பது பொதுவான எண்ணம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களோ முன்னால் இருந்த வண்டியின் விளக்கு எரிந்ததா, ரிஃப்ளெக்டர் இருந்ததா என்று பார்த்து, பொறுப்பை இரு தரப்புக்கும் பங்கிட்டுத் தருவது வழக்கமானது. விபத்துப் படத்தில் கரும்படலம் ஒட்டிய விளக்கு தெரிந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை விட்டுவைக்கமாட்டார். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கையிலும், நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் சர்ச்சைக்கு இடம் தரும்.

படலத்தையும் ஸ்பிரேயையும் எடுப்பது

இதில் அவசரம் கூடாது, ஏனென்றால் டெயில் லைட்டின் வெளிக் கண்ணாடி உண்மையில் கண்ணாடி அல்ல, பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். ஹெட்லைட்டுக்குப் பயன்படும் பாலிகார்பனேட்டைவிட இது கீறலைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் சூட்டையும் ரசாயனத்தையும் தாங்காது. ஏறத்தாழ நூறு டிகிரி சூட்டில் இளகத் தொடங்கும். தின்னர், அசிடோன், நகப்பூச்சு நீக்கி, பெட்ரோல் ஆகியவை பட்டால் உடனே ஒன்றும் தெரியாமலிருந்து, சில மணி நேரத்திலோ சில நாளிலோ சிலந்தி வலைபோல மயிர்க்கோடு வெடிப்புகள் உள்ளேயே ஓடும். அந்த வெடிப்பைப் பாலிஷ் போட்டுப் போக்க முடியாது. பட்டறையில் பசையைத் துடைக்கக் கைக்கு எட்டும் முதல் பொருள் தின்னர்தான் என்பதால், வேலையைக் கொடுத்துவிட்டு வருவதைவிடப் பக்கத்தில் நின்று பார்ப்பது மேல்.

படலத்தை எடுக்க ஹேர் டிரையர் போதும், ஹீட் கன் வேண்டாம். விளக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி உலரவிட்டு, ஒரு மூலையில் அரை அடி தள்ளி டிரையரை ஆட்டிக்கொண்டே சூடு காட்டுங்கள். கையை வைத்தால் சுடுகிறது, ஆனால் வைத்திருக்க முடிகிறது என்ற பதம் வந்ததும், நகத்தால் அல்லது பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் மூலையைக் கிளப்புங்கள். பிளேடு வேண்டாம், அது அக்ரிலிக்கில் போடும் கோடு கடைசிவரை தெரியும். கிளம்பிய படலத்தை மேல்நோக்கித் தூக்காமல், கண்ணாடியின் பரப்பை ஒட்டியே தாழ்வாகப் பின்னுக்கு மெல்ல இழுத்தால் பசை படலத்தோடு சேர்ந்து வரும். வெடுக்கென்று இழுத்தால் படலம் கிழிந்து பசை முழுவதும் கண்ணாடியில் தங்கிவிடும். வெயிலில் இரண்டு மூன்று வருடம் கிடந்த மலிவுப் படலம் பெரும்பாலும் சிறுசிறு துண்டாகத்தான் வரும், அதற்குப் பொறுமையைத் தவிர வழியில்லை. மிஞ்சிய பசையின் மேல் மண்ணெண்ணெய் தோய்த்த மென்துணியைச் சில நிமிடம் போர்த்தி வைத்து, பசை குழைந்ததும் வட்டமாகத் தேய்த்தெடுத்து, உடனே சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவிவிடுங்கள். பக்கத்திலுள்ள பெயிண்டின் மேலும் ரப்பர் பீடிங் மேலும் மண்ணெண்ணெய் ஒழுகாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

ஸ்பிரே வண்ணம் வேறு கதை. அது அக்ரிலிக்கோடு பிணைந்திருப்பதால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முடிந்தால் விளக்கைக் கழற்றிவிடுங்கள், பல கார்களில் டிக்கியின் உள்ளே இரண்டு நட்டும் ஒரு கனெக்டரும்தான். கழற்ற முடியாவிட்டால் சுற்றியுள்ள பெயிண்டை மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிக் காத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறவைத்த 800-ஆம் எண் வாட்டர் பேப்பரைச் சிறிய ரப்பர் கட்டையில் சுற்றி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரே திசையில் அழுத்தாமல் தேய்க்கத் தொடங்கினால் கருப்புச் சாறு ஓடத் தொடங்கும். அந்தச் சாறு சிவப்பாக மாறும் கணத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் தேய்வது வண்ணமல்ல, விளக்கு. பிறகு 1000, 1500, 2000, 3000 என்று ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்திய தாளின் கோடுகள் மறைந்தனவா என்பது தெரியும். இடையில் ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் கடைசியில் பாலிஷ் போட்ட பிறகுதான் அந்தக் கோடு முகம் காட்டும். முடிவில் பிளாஸ்டிக்குக்கான பாலிஷை மென்பஞ்சில் எடுத்துக் கையாலேயே தேய்க்கலாம். பஃபிங் இயந்திரம் என்றால் வேகத்தைக் குறைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்.

ரிஃப்ளெக்டர் பகுதியில் கூடுதல் கவனம் வேண்டும். ஒளியைத் திருப்பும் நுண்ணிய முப்பட்டை வரிசை உட்புறத்தில் இருப்பதால் வெளிப்பரப்பைத் தேய்ப்பதால் அது கெடாது. ஆனால் வெளிப்பரப்பு முழுப் பளபளப்புக்குத் திரும்பாவிட்டால் ஒளி சிதறி, ரிஃப்ளெக்டர் பாதி செயலிழக்கும். வேலை முடிந்ததும் இரவில் இருபது மீட்டர் தள்ளி, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் காதோரம் பிடித்து அடித்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி சிவப்பாகத் திருப்பி அடித்தால் சரி.

வேறொரு வேலைமுறையும் நடக்கிறது. விளக்கை அடுப்பில் வைத்துச் சூடேற்றி, வெளிக் கண்ணாடியைப் பிரித்து, உள்ளே வெள்ளி பூசிய பகுதிக்குக் கருப்படித்து மீண்டும் ஒட்டுவார்கள். ஒளியைக் குவிக்கும் குழிவிலேயே கருப்படிப்பதால் இழப்பு படலத்தைவிட மோசமாகலாம். அதோடு தொழிற்சாலையில் போட்ட அடைப்பு போய்விடுவதால், அடுத்த ஐப்பசி மழையிலேயே உள்ளே ஆவி படரும், சர்க்யூட் பலகையில் களிம்பேறும். இப்படிப் பிரித்த விளக்கை மீட்க முயல்வது வீண் செலவு, புதியதை வாங்குவதே வழி.

கருமைத் தோற்றம் வேண்டுமென்றால்

சில மாடல்களில் தயாரிப்பாளரே ஸ்மோக் கண்ணாடி வைத்த பின்விளக்கைத் தருகிறார். அது எப்படிச் சட்டத்துக்கு உட்பட்டது, நாம் ஒட்டுவது எப்படி உட்படாதது என்ற கேள்வி நியாயமானது. அந்த விளக்கில் கண்ணாடியின் கருமையையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கேற்ற எல்.இ.டி.யும் ஒளிக்குழாயும் அமைத்து, முழு விளக்காகச் சோதனையில் அளந்திருக்கிறார்கள். உங்கள் மாடலின் வேறொரு வகையில் அப்படி ஒரு விளக்கு வந்திருந்தால், அதை அதிகாரப்பூர்வ உதிரிபாகக் கடையில் பாகத்தின் எண்ணைச் சொல்லி வாங்குவதும், சர்வீஸ் சென்டரிலேயே மாட்டி ரசீது பெறுவதும் பாதுகாப்பான வழி. வாங்கும்போது கண்ணாடியின் ஓரத்தில் அச்சான குறிகளைப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ (E) என்ற ஆங்கில எழுத்தும் நாட்டைக் குறிக்கும் எண்ணும், அதனருகே ரிஃப்ளெக்டருக்கு ‘ஐஏ’ (IA), பிரேக்குக்கு ‘எஸ்1’ (S1), இண்டிகேட்டருக்கு ‘2ஏ’ (2a) என்ற எழுத்துகளும் பல விளக்குகளில் இருக்கும். ‘ஐஏ’ இல்லாத விளக்கை வாங்கினால் ரிஃப்ளெக்டர் பம்பரில் தனியாக இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். குறி இருப்பதாலேயே மலிவு விளக்கை நம்பிவிடவும் கூடாது, அச்சில் எதையும் வார்க்கலாம்.

விளக்கைத் தொடாமலும் கருமை கொண்டுவரலாம். விளக்கைச் சுற்றிய உடல் பகுதி, டிக்கி மூடியிலுள்ள குரோம் பட்டை, பெயர்ப் பதக்கங்கள், ஸ்பாய்லர் ஆகியவற்றுக்குப் பளபளப்பான கருப்பு ‘ரேப்’ (wrap, உடல் மேல் ஒட்டும் வண்ணப் படலம்) ஒட்டினால் சிவப்பு விளக்கு அந்தக் கருமையில் இன்னும் எடுப்பாகத் தெரியும். என் கண்ணுக்கு ஸ்மோக் ஒட்டியதைவிட இது அழகு. ஒரே நிபந்தனை, ரேப்பின் விளிம்பு விளக்கின் எரியும் பரப்பின் மேலோ நம்பர் பிளேட் விளக்கின் மேலோ ஏறக்கூடாது. பின் கண்ணாடிக்குள் உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டையும் மறந்துவிட வேண்டாம். பின் கண்ணாடியில் யாராவது கூலிங் பேப்பர் ஒட்டியிருந்தால் அந்த விளக்கும் அதற்குள் மங்கிக் கிடக்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பேரம் பேசும்போதே டெயில் லைட்டைப் பாருங்கள். கருப்பாக இருந்தால் ஓரத்தை நகத்தால் நெருடுங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் படலம், அதை எடுக்கும் செலவு சிறியது. விளிம்பே இல்லாமல் சொட்டு வழிந்த தடமும் தூசித் துணுக்கும் தெரிந்தால் ஸ்பிரே. எதுவும் தட்டுப்படாமல் உள்ளேயே கருப்பாக இருந்து, கண்ணாடியின் சேர்க்கையில் பசை பிதுங்கித் தெரிந்தால் பிரித்து ஒட்டிய விளக்கு. அப்படியானால் இரண்டு புதிய விளக்குகளின் விலையைச் சர்வீஸ் சென்டரில் கேட்டு, அந்தத் தொகையை வண்டி விலையிலிருந்து குறைத்துப் பேசுங்கள். எல்.இ.டி. தொகுதி என்றால் அந்தத் தொகை நீங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாகவே இருக்கும்.